கட்டை விரலா, மணிக்கட்டா?

ஃபைட்டிங் கேம் ஆடுகிற ரெண்டு பேர் முதல் தடவை சந்தித்தால் மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். எந்த கேம்? எந்த கேரக்டர்? பேடா, ஸ்டிக்கா? முதல் ரெண்டுக்கும் நீங்க என்ன பதில் சொன்னாலும் பிரச்சினை இல்லை. மூணாவதுக்கு "பேடு"ன்னு சொன்னால் மட்டும் எதிரில் இருப்பவர் முகத்தில் லேசாக ஒரு "ஓ... சரி சரி" தெரியும். ஸ்டிக்கில் ஆடுபவர் சீரியஸான ஆள், பேடில் ஆடுபவர் டைம்பாஸுக்கு ஆடுபவர் என்று ஒரு நினைப்பு. ஜப்பான் ஆட்டக்காரர்கள் மடியில் பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு படபடவென்று தட்டும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நமக்கும் அது ஒட்டிக்கொண்டது.

இந்த நினைப்புக்கு அடிப்படையே இல்லை என்பதுதான் என் கட்சி. ஸ்டிக் ஒரு அருமையான கருவி. ஆனால் அது யாரையும் நல்ல ஆட்டக்காரர் ஆக்காது. பேடு யாரையும் கீழே இழுக்கவும் செய்யாது. நம்மை மாதிரி பாக்கெட் மணியில் ஓட்டுகிற மாணவர்களுக்கு இந்த விஷயம் சும்மா அரட்டைக்கான தலைப்பும் இல்லை. இதில் காசு இருக்கிறது, கை இருக்கிறது, ஃபெஸ்ட்டில் யார் ஆடலாம் யார் ஆட முடியாது என்ற நியாயமும் இருக்கிறது.

ரெண்டும் எங்கிருந்து வந்தது?

ஃபைட்டிங் கேம் ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆர்கேட் ஸ்டிக் என்பது ஒரு பெட்டி. இடது பக்கம் ஒரு லீவர், வலது பக்கம் பெரிய வட்ட பட்டன்கள். இடது கையின் மணிக்கட்டும் விரல்களும் லீவரைத் திருப்பும். வலது கையின் நாலு விரல் பட்டன்களைத் தட்டும். கேம்பேடு என்பது நாம் எல்லாருக்கும் தெரிந்த பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வகை. அதில் வேலை முழுக்க ரெண்டு கட்டை விரல்களுக்கும் ரெண்டு ஆள்காட்டி விரல்களுக்கும்தான்.

இப்போது கேள்வி. ஸ்டிக்தான் "ஒரிஜினல்" என்கிறார்களே, அது ஏன்? ஏனென்றால் 1991-ல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேட் மெஷினில் வந்தது. காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் மெஷின். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் பிடித்து இழுப்பார்கள், குத்துவார்கள், தோற்றால் கோபத்தில் அறைவார்கள். அத்தனையையும் தாங்க வேண்டும் என்றால் கெட்டியான லீவரும் கெட்டியான பட்டனும்தான் சரி. மூன்று குத்து, மூன்று உதை, ஆக ஆறு பட்டன். அந்த மெஷினில் வேறு எதையும் தேர்ந்தெடுக்க வழியே இல்லை.

பேடின் பிறப்பும் இதே மாதிரிதான். இன்று எல்லா பேடிலும் இருக்கும் அந்தச் சிலுவை வடிவ டி-பேடை நிண்டெண்டோவின் குன்பெய் யோகொய் 1982-ல் டாங்கி காங் கேம் & வாட்ச்சுக்காக வடிவமைத்தார். மடக்கி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் சாதனம் அது. அதில் லீவர் நீட்டிக்கொண்டு நின்றால் மூடவே முடியாது. அதனால் தட்டையான ஒன்று தேவைப்பட்டது.

கவனித்தீர்களா? ஒன்று உதை தாங்குவதற்காகப் பிறந்தது, இன்னொன்று பைக்குள் அடங்குவதற்காகப் பிறந்தது. "சண்டை கேமுக்கு எது சிறந்தது?" என்று யாரும் ஆராய்ச்சி செய்து ரெண்டையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த இடத்துக்கு ஏற்ற கருவி, அவ்வளவுதான். "ஒரிஜினல்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது வரலாறு. அதைத் தரச்சான்றிதழாக மாற்றியது நாம்.

அதோடு பேடும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1992-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்தபோது முகப்பில் நாலு, தோளில் ரெண்டு என்று ஆறு பட்டன்களையும் பிரித்து வைத்து ஆடினார்கள். மூணே பட்டன் வைத்திருந்த சேகா, 1993-ல் ஆறு பட்டன் பேடையே கொண்டுவந்தது. கேம் வீட்டுக்கு வந்தது, பேடு கேமுக்கு ஏற்ப வளர்ந்தது.

அந்த ஒரு வீடியோ

ஸ்டிக் மேல் நமக்கு இருக்கும் பக்திக்கு ஒரு வீடியோதான் பெரிய காரணம். 2004 ஈவோ போட்டி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். டைகோ உமேஹாராவின் கென்னுக்கு உயிர்க்கோடு ஒரு துளிதான் மிச்சம். தடுத்தாலே செத்துவிடுவான். ஜஸ்டின் வாங் தன் சுன்-லியின் சூப்பரை அவிழ்த்துவிடுகிறார். வரிசையாக வரும் 15 உதைகளையும் டைகோ ஒவ்வொன்றாக பேரி செய்து, திருப்பி அடித்து அந்தச் சுற்றை ஜெயிக்கிறார். அரங்கம் அலறுகிறது. பார்க்காதவர்கள் இதைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்க.

ஆனால் அந்த வீடியோவில் ரெண்டு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. ஒன்று, அன்று டைகோ அந்தப் போட்டியின் கோப்பையை வாங்கவில்லை. இறுதி ஆட்டத்தில் தோற்றார். இரண்டு, ஈவோ ஆர்கேட் மெஷின்களைக் கைவிட்டு வீட்டு கன்சோல்களுக்கு மாறியதும் அதே 2004-ல்தான். ஸ்டிக்கின் மிகப் பெரிய கணம் என்று நாம் கொண்டாடும் நாளில், பேடைச் சொருகுவதற்கான துளை போட்டி மேசைக்கு வந்துவிட்டது.

அடுத்த பத்து வருடத்தில் என்ன ஆச்சு? 2014 ஈவோவில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை பிரான்ஸைச் சேர்ந்த லஃபி தட்டிச் சென்றார். கையில் இருந்தது 1990-களின் முதல் பிளேஸ்டேஷனோடு வந்த பேடு. அனலாக் ஸ்டிக்கூட இல்லாத அந்தப் பழைய பேடு! ஆடிய கேரக்டர் ரோஸ். பெரும்பாலோர் வலுவானவள் என்று எண்ணாத கேரக்டர். 2016 கேப்காம் கப்பை ஜெயித்த அமெரிக்காவின் நக்கிள்டூவும் பேடு ஆட்டக்காரர்தான்.

"ரெண்டு பேர் ஜெயிச்சா போதுமா? ஸ்டிக்கில் ஜெயிச்சவங்க எத்தனை பேர்!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆர்கேடில் வளர்ந்த தலைமுறை முழுக்க ஸ்டிக்கில் ஆடியது. எனவே அந்தத் தலைமுறையின் சாம்பியன்களும் ஸ்டிக்கில்தான் இருப்பார்கள். அதை வைத்து கருவியை எடை போட முடியாது. பேடு சிறந்தது என்று நிரூபிக்க நான் லஃபியைக் கூப்பிடவில்லை. பேடுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது, அதற்கு மேல் அது போகாது என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சை முடித்துவைக்க ஒரு ஆள் போதும்.

ஸ்டிக்குக்குத் தர வேண்டிய மரியாதை

ஒரு பக்கமாகவே பேசினால் அது நியாயம் இல்லை. ஸ்டிக்கின் பலம் என்ன என்பதையும் நேர்மையாகப் பார்ப்போம்.

முதலாவது, விரல் கணக்கு. பேடின் முகப்பில் இருக்கும் நாலு பட்டனுக்கும் ஒரே ஒரு கட்டை விரல். ஸ்டிக்கில் நாலு பட்டனுக்கு நாலு விரல். ஃபைட்டிங் கேம்கள் நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓடுகின்றன. ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 16.67 மில்லி செகண்ட். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல் சில காம்போக்களில் அடுத்த அடியை மிகச் சரியாக அந்த ஒரே ஃப்ரேமில் அழுத்த வேண்டும். இதைச் சமாளிக்க ஆட்டக்காரர்கள் "பிளிங்க்" என்று ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ரெண்டு பட்டன்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு ஃப்ரேம் இடைவெளியில் உருட்டினால், கேம் முதல் பட்டனை ரெண்டு தடவை எடுத்துக்கொள்ளும். அதாவது குறி தப்பாமல் இருக்க இன்னொரு வாய்ப்பு. மேசை மேல் தாளம் போடுவது போல விரல்களை உருட்டினால் ஸ்டிக்கில் இது வந்துவிடும். பேடில் ஒரே கட்டை விரலை வைத்துக்கொண்டு இதைச் செய்வது பெரிய பாடு.

இது ஸ்டிக்கின் உண்மையான வெற்றி. ஆனால் இது அந்த கேமோடு கட்டுண்ட வெற்றி. 2016-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 அந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது; கொஞ்சம் முன்னால் அழுத்தினாலும் கேம் ஏற்றுக்கொண்டது. 2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 "மாடர்ன்" என்ற கட்டுப்பாட்டு முறையையே தந்துவிட்டது. கால்வட்டம் சுற்றாமல் ஒரு திசை, ஒரு பட்டன் அழுத்தினால் ஸ்பெஷல் அடி வரும். பதிலுக்கு அடியின் வலு 20 சதவீதம் குறையும். ஸ்டிக்குக்குச் சாதகமாக இருந்த வாதத்தில் பாதியை கேம் தயாரித்தவர்களே கழித்துவிட்டார்கள்.

இரண்டாவது, சுற்றும் அசைவுகள். ஸாங்கீஃபின் தூக்கி அடிக்கும் பிடிக்கு லீவரை முழு வட்டம் சுற்ற வேண்டும். லீவர் அதற்கென்றே செய்த மாதிரி சுழலும். டி-பேடில் அதையே செய்தால் அரை மணி நேரத்தில் கட்டை விரல் சிவந்துவிடும். இதில் ஸ்டிக்குக்குத்தான் என் ஓட்டு.

மூன்றாவது காரணம்தான் பொறியியல் மாணவனாக எனக்கு ரொம்பப் பிடித்தது: ஸ்டிக்கைப் பிரித்து மாட்டலாம். சான்வா ஜேஎல்எஃப் லீவரைத் திறந்து பாருங்க. நடுவில் ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், சுற்றிலும் நாலு மைக்ரோசுவிட்ச். தண்டு சாயும்போது ஒரு சுவிட்ச் அழுந்தினால் நேர் திசை. ரெண்டு சேர்ந்து அழுந்தினால் மூலைத் திசை. அடியில் இருக்கும் சதுரச் சட்டம்தான் தண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று தீர்மானிக்கிறது. சதுரம் பிடிக்கலையா? எண்கோணச் சட்டம் வாங்கி மாட்டு. ஸ்பிரிங் தளர்ந்துபோச்சா? மாத்து. கொரியாவில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வைத்த லீவர். டெக்கன் ஆட்டக்காரர்கள் பின்னால் சரக்கென்று நழுவுவதற்கு அதைத்தான் கொண்டாடுகிறார்கள். பட்டன் கெட்டால் பழைய 30 மி.மீ. பட்டனைக் கழற்றி புதுசை அழுத்தினால் முடிந்தது.

பேடில்? அனலாக் ஸ்டிக் ஒரு பக்கமாகத் தானே நகர ஆரம்பித்தால், உள்ளே பொடென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கும். அதை மாற்ற சால்டரிங் அயர்ன் வேண்டும், பொறுமை வேண்டும், ரெண்டும் இருந்தாலும் பல பேர் புது பேடுதான் வாங்குகிறார்கள். ஸ்டிக் நல்ல கருவி என்று யாராவது சொல்ல வேண்டுமென்றால், மானத்தை விட்டுவிட்டு இந்தக் காரணத்தைச் சொல்லட்டும். நான் எழுந்து நின்று கை தட்டுகிறேன்.

கேமைப் பார்த்துக் கருவி

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "ஃபைட்டிங் கேம்" என்று ஒரே கூடையில் போட்டுப் பேசுவதுதான் பாதிக் குழப்பம். டெக்கனில் அடிக்கும் பட்டன்கள் நாலே நாலு: இடது கை, வலது கை, இடது கால், வலது கால். பிளேஸ்டேஷன் பேடின் முகப்பிலும் நாலே பட்டன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். மார்ட்டல் காம்பாட்டில் "கீழே, முன்னே" என்று தட்டித் தட்டிப் போகும் அசைவுகள்தான் அதிகம். டி-பேடுக்கு அது சுலபம். ஆறு பட்டன் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் மட்டும்தான் ரெண்டு பட்டன் தோளுக்குப் போகும். அதற்கும் முகப்பில் ஆறு பட்டன் வைத்த பேடுகள் கடையில் கிடைக்கின்றன. எனவே "எது சிறந்தது?" என்று கேட்பவரிடம் "எந்த கேமுக்கு?" என்று திருப்பிக் கேளுங்க.

நம்ம ஹாஸ்டல் கீபோர்டு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது

இந்தப் பேடு-ஸ்டிக் சண்டையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேர் ரெண்டிலும் ஆடுவதில்லை. லேப்டாப் கீபோர்டில்தான் ஆடுகிறோம். எமுலேட்டரில் டெக்கன் 3, ஒரே கீபோர்டில் ரெண்டு பேர், தோள் இடித்துக்கொண்டு. "சே, கீபோர்டா"ன்னு அதை நாமே மட்டமாக நினைக்கிறோம். ஆனால் இன்று உலகப் போட்டிகளில் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் கையில் இருப்பது கிட்டத்தட்ட அதுதான்!

லீவர் இல்லாத பெட்டி. ஸ்டிக்கில் லீவர் இருக்கும் இடத்தில் இடது, கீழே, வலது என்று மூன்று பட்டன். மேலே குதிக்க கட்டை விரலுக்கு ஒரு பெரிய பட்டன். ஹிட் பாக்ஸ் என்ற பெயரில் பிரபலமான வடிவம். லீவரில் இடதிலிருந்து வலதுக்குப் போக வேண்டுமென்றால் தண்டு நடுவைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கு நேரம் ஆகும். பட்டனில் அந்தப் பயணமே கிடையாது. விரலை எடுத்து இன்னொரு விரலை வைக்க வேண்டியதுதான்.

ஸ்டிக்கின் சாமி என்று நாம் கும்பிடும் அதே டைகோ 2019-ல் இந்த வகைப் பெட்டிக்கு மாறினார் என்பது தெரியுமா? அவர் எடுத்துவந்த பெட்டியை அந்த ஆண்டு கேப்காம் தன் போட்டிகளில் அனுமதிக்க மறுத்தது. அந்தச் சர்ச்சையில்தான் ஒரு நல்ல பொறியியல் கேள்வி எல்லார் வாயிலும் வந்தது: இடதையும் வலதையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் கேம் எதை எடுத்துக்கொள்ள வேண்டும்? லீவரில் இது நடக்கவே முடியாது. பட்டனில் நடக்கும். கடைசியாக அழுத்தியது செல்லும் என்று வைத்தால், ஒரு விரல் இடதைப் பிடித்தபடியே இன்னொரு விரல் வலதைத் தட்டி எடுக்கலாம். கைல் மாதிரி பின்னால் பிடித்துவைத்து முன்னால் தட்டும் கேரக்டருக்கு அது லாட்டரி. இதற்கு எஸ்.ஓ.சி.டி. என்று பெயர். 2023-ல் கேப்காம் தெளிவாகச் சொன்னது: எதிரெதிர் திசை ரெண்டும் அழுந்தினால் நடுநிலை. அதாவது எதுவுமே அழுத்தவில்லை என்று கணக்கு. முடிந்தது பிரச்சினை.

தடை போடாமல் விதி போட்டார்கள் பாருங்க, அதுதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் திரும்பவும் வருகிறேன்.

கீபோர்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. மலிவான கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி வயர் கிடையாது. வரிசை, நெடுவரிசை என்று வலை மாதிரி இணைப்பு. டயோடு வைக்காத அந்த வலையில் மூணு நாலு கீயைச் சேர்த்து அழுத்தினால் எது அழுந்தியது என்று அதற்கே புரியாது, சிலதை விட்டுவிடும். ஒரே கீபோர்டில் ரெண்டு பேர் ஆடும்போது "டேய் நான் அடிச்சேன்டா, போகல!"ன்னு கத்துவோமே, அது பொய் இல்லை. சர்க்யூட் சொல்லும் சாட்சி அது.

இதை நாமே சரிசெய்யலாம். ராஸ்பெரி பை பைகோ என்ற சின்ன போர்டு 2021-ல் 4 டாலர் விலையில் வந்தது. ஒவ்வொரு பட்டனின் ஒரு முனையை அதன் ஒரு பின்னிலும், மறுமுனையை கிரவுண்டிலும் இணைத்து, ஜிபி2040-சிஇ என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை ஏற்றினால் லீவர் இல்லாத பெட்டி ரெடி. எஸ்.ஓ.சி.டி. எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே தேர்வு செய்யலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று சுற்றினால் பட்டன், வயர் எல்லாம் கிடைக்கும். பெட்டிக்கு அக்ரிலிக்தான் வேண்டும் என்று இல்லை; ஒரு பிளைவுட் துண்டு போதும். பி.சி.யில் சொருகினால் நேரே வேலை செய்யும். பி.எஸ்.5 மாதிரி கன்சோல்களுக்குத்தான் கூடுதல் ஏற்பாடு வேண்டும். முதல் வருட மைக்ரோகன்ட்ரோலர் லேபில் எல்.இ.டி.யை மினுக்கவைப்பதைவிட இது சுவாரசியம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கை ஒன்றுதான்

கருவி மாறினால் வலி மாறும். பேடில் பாரம் கட்டை விரல் மேல். ஸ்டிக்கில் மணிக்கட்டு மேல். பட்டன் பெட்டியில் எல்லா விரல்களிலும் பரவுகிறது. என் விங்கில் ஒரு நண்பன் பேடில் ஆடி ஆடி கட்டை விரலின் அடியில் வலி வந்து, பேனா பிடிக்க முடியாமல் இன்டர்னல்ஸ் எழுதினான். இன்னொருத்தனுக்கு ஸ்டிக்கில் மணிக்கட்டு வலி. அவன் பேடுக்கு வந்த பிறகுதான் நிம்மதியாக ஆடுகிறான். அடுத்தவன் கைக்குச் சரியானது நம் கைக்குச் சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வலித்தால் நிறுத்துங்க, நிறுத்தியும் போகலைன்னா டாக்டரைப் பாருங்க. ரேங்க் காத்திருக்கும்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புரோலிலெக்ஸ் என்ற பெயரில் ஆடிய அமெரிக்கரான மைக்கேல் பெகம். பிறவியிலேயே மூட்டுகள் இறுகிப்போன நிலை. கை கால்களைப் பயன்படுத்த முடியாது. பேடைத் தன் முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாயாலும் முகத்தாலும் சுன்-லியை ஆடினார். ஈவோ மேடை வரை போனார். 2024-ல் காலமானார். நாலு விரலை விரித்துத் தட்டினால்தான் உண்மையான ஆட்டம் என்று யாராவது இனி சொன்னால், இவர் ஆட்டத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று கேளுங்க.

அப்போ என்ன வாங்குறது?

நேரடியாகச் சொல்கிறேன். கையில் ஏற்கெனவே பேடு இருக்கிறதா? அதிலேயே ஆடுங்க. எதுவுமே இல்லையா? வயர் வைத்த, டி-பேடு கெட்டியாக இருக்கும் ஒரு பேடு வாங்குங்க. அதில் மற்ற கேம்களும் ஆடலாம், பையில் போட்டு ஊருக்கும் எடுத்துட்டுப் போகலாம். கீபோர்டு பழகிவிட்டதா? அந்தப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீங்க. மேலே சொன்ன பெட்டியைச் செய்து பாருங்க. ஸ்டிக் வேண்டுமா? லீவர் கையில் கடகடவென்று சுழலும் அந்தச் சுகத்துக்காக வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்குங்க. ஆனால் நல்ல ஸ்டிக் பத்தாயிரம் ரூபாயை அநாயாசமாகத் தாண்டும். "இதை வாங்கினா ஜெயிச்சிடுவேன்"ன்னு வீட்டில் காசு கேட்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். பழைய பழக்கத்தை விட்டு கை புதுசுக்குப் பழகும் வரைக்கும் முன்பைவிட அதிகமாகத்தான் தோற்பீர்கள்.

ஜெயிக்க வைப்பது வேறு. 2019-ல் பாகிஸ்தானின் அர்சலான் ஆஷ் ஜப்பான் ஈவோ, லாஸ் வேகாஸ் ஈவோ ரெண்டிலும் டெக்கன் 7 பட்டத்தை ஜெயித்தபோது உலகமே திகைத்தது. எங்கிருந்து வந்தார் இவர்? லாகூரிலிருந்து. அங்கே ஆர்கேட் கடைகளில் தினமும் ஒருவரோடு ஒருவர் மோதி வளர்ந்த ஒரு கூட்டமே இருந்தது. அர்சலானே ஜெயித்த கையோடு, ஊரில் தன்னளவு ஆடக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றுதான் சொன்னார். கருவியைவிட எதிரில் உட்காரும் ஆள் முக்கியம். பத்தாயிரம் ரூபாய் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாக ஆடுவதைவிட, பக்கத்து ரூம்காரனோடு தினம் பத்து மேட்ச் ஆடுவது மேல்.

நம்ம ஃபெஸ்ட்டுக்கு ஒரு கோரிக்கை

இவ்வளவும் எதற்கு எழுதினேன் என்றால், போன செமஸ்டர் ஒரு கல்லூரி ஃபெஸ்ட்டில் நடந்ததைப் பார்த்துத்தான். "எல்லாருக்கும் சமமா இருக்கணும்"னு சொல்லி, அவர்கள் தந்த ரெண்டு வயர்லெஸ் பேடில்தான் ஆட வேண்டும் என்று விதி. அதில் ஒரு பேடின் அனலாக் தானாகவே இடது பக்கம் போகிறது. கீபோர்டு ஆட்டக்காரர்கள் நாலு பேர் பேடைப் பிடிக்கவே தெரியாமல் முதல் சுற்றில் வெளியே. சொந்தமாகப் பெட்டி செய்து கொண்டுவந்த ஒரு ஜூனியர் பையனை "இதுல என்ன ப்ரோகிராம் போட்டிருக்கியோ"ன்னு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் பஸ்ஸில் ரெண்டு மணி நேரம் வந்தவன்.

எல்லாருக்கும் ஒரே செருப்பு கொடுத்து ஓட்டப் பந்தயம் வைப்பது சமம் இல்லை. நம்ம ஃபெஸ்ட்டில் இதையே செய்யாமல் இருக்க, கேமிங் ஈவென்ட் நடத்தும் அண்ணன், அக்காமார்களுக்கு என் யோசனைகள்:

ஒன்று, அவரவர் கருவியை அவரவர் கொண்டுவரலாம். பேடு, ஸ்டிக், கீபோர்டு, வீட்டில் செய்த பெட்டி எதுவும் சரி.

இரண்டு, வயர் இருக்க வேண்டும். வயர்லெஸ் பேடில் முந்தைய ஆட்டக்காரர் இணைப்பைத் துண்டிக்காமல் போய்விட்டால், எங்கோ இருந்து அவர் அழுத்தும் பட்டன் நடக்கிற மேட்ச்சை நிறுத்திவிடும். பெரிய போட்டிகளிலேயே நடக்கும் தொல்லை இது.

மூன்று, எதிரெதிர் திசை ரெண்டும் அழுந்தினால் நடுநிலை. ட்ரெயினிங் மோடில் இன்புட் காட்டும் வசதியைப் போட்டு ரெண்டையும் சேர்த்து அழுத்திப் பார்த்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும். சந்தேகப்பட்டு யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

நாலு, டர்போவும் மேக்ரோவும் கூடாது. ஒரு அழுத்தலுக்கு ஒரு அடி. கேமின் செட்டிங்கிலேயே இருக்கும் பட்டன் மாற்றங்களுக்குத் தடை வேண்டாம்.

ஐந்து, மேட்ச் தொடங்குமுன் பட்டன் சரிபார்க்க ரெண்டு நிமிடம். அதற்குப் பிறகு புகார் எடுபடாது.

ஆறு, எதுவும் இல்லாதவர்களுக்கு நல்ல நிலையில் ரெண்டு பேடும் ரெண்டு கீபோர்டும் மேசையில் இருக்கட்டும். கருவி இல்லை என்ற காரணத்தால் ஒருத்தர்கூடப் பெயர் கொடுக்காமல் போகக் கூடாது.

இதில் செலவு என்று பார்த்தால் ஆறாவதுக்கு மட்டும்தான். அதையும் நாலு பேரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினால் முடிந்துவிடும்.

கட்டை விரலா, மணிக்கட்டா என்பதை அவரவர் கை முடிவு செய்துகொள்ளட்டும். போட்டி நடத்துகிறவர்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கைக்கு மேசையில் இடம் இருக்கிறதா? ஃபெஸ்ட் ரூல்ஸ் எழுதுமுன் ஒரு தடவை யோசிங்க, ப்ளீஸ். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. எழுத நேரம் இல்லாதவர்கள் காமன் ரூமுக்கு வாங்க, முதலில் மூணு சுற்று ஜெயிப்பவர் பக்கம் நியாயம்னு வச்சுக்கலாம்.